ஹோமரை எங்கிருந்து தொடங்குவது? இலியட், ஒடிசி படிக்க ஒரு வழிகாட்டி

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் டிராய் போர்க் காவியமான இலியட்டைக் கையில் எடுப்பவர்களில் பலர் இரண்டாம் காண்டத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்தக் காண்டத்தின் பிற்பாதி பெரும்பாலும் கப்பல் பட்டியல்தான். எந்த ஊர்த் தலைவன் எத்தனை கப்பலோடு வந்தான் என்று 29 படைகள், மொத்தம் 1,186 கப்பல்கள், வரிசையாக வரும். டிராயை வீழ்த்திய மரக்குதிரைக்கும், வீரன் அக்கிலிஸின் உடம்பில் காயப்படக்கூடிய ஒரே இடமான குதிகாலுக்கும் காத்திருந்தவருக்கு இதைக் கடப்பது சிரமம். கடந்து போனாலும் அந்த இரண்டும் இலியட்டில் வரப்போவதில்லை.

இவ்வளவு பெரிய கவிதை இப்படிக் கைநழுவிப் போவது எனக்கு வருத்தமான விஷயம். ஹோமர் கடினமான கவிஞர் அல்ல. அவருடைய வாக்கியங்கள் நேரடியானவை. கோபம், பயம், பிள்ளைப் பாசம் என்று அவர் பேசுவதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் இவை காதுக்காக உருவான பாடல்கள். அச்சிட்ட நாவலைப் படிப்பதுபோல் கண்ணால் ஓடினால் அலுப்புத் தட்டும். வாய்விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, சரியான வரிசையில் படித்தால் பிடித்துக்கொள்ளும். கீழே சொல்வதெல்லாம் இதைச் செய்வது எப்படி என்பதுதான்.

முதலில் கதை எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு காவியங்களும் இன்றைய வடிவத்துக்கு வந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. இலியட் 15,693 வரிகள். ஒடிசி ஏறக்குறைய 12,100 வரிகள். இரண்டையும் 24 காண்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஹோமர் என்று ஒரே ஒருவர் இருந்தாரா, இரண்டையும் அவரே பாடினாரா என்ற வாதம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. சுவாரசியமான வாதம்தான். ஆனால் முதல் வாசிப்புக்கு அது தேவையில்லை.

டிராய் போர் பத்தாண்டுப் போர். இலியட் அதில் பத்தாம் ஆண்டின் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. படைத்தலைவன் அகமெம்னனுக்கும் தலைசிறந்த வீரன் அக்கிலிஸுக்கும் மூளும் சண்டையில் தொடங்கி, டிராயின் இளவரசன் ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிகிறது. முடியும்போது அக்கிலிஸ் உயிரோடு இருக்கிறான், நகரமும் விழவில்லை. மரக்குதிரையைப் பற்றி ஒடிசியில்தான் வருகிறது, அதுவும் சுருக்கமாக. குதிகால் கதையை நாம் பார்ப்பது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம். ஹோமரின் அக்கிலிஸுக்கு மந்திர உடம்பு கிடையாது. 21ஆம் காண்டத்தில் ஓர் எதிரியின் ஈட்டி அவன் முன்கையைக் கீறிவிட்டுப் போகிறது, இரத்தம் வருகிறது. இவனும் சாகக்கூடியவன் என்று தெரிந்தால்தான் கவிதை புரியும்.

முன்கதையைக் கேட்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பாணர் பாடுகிறார். அது இவ்வளவுதான்: ஹீரா, அதீனா, அஃப்ரோடைட்டி என்ற மூன்று தேவியரில் யார் அழகி என்ற போட்டியில் டிராய் இளவரசன் பாரிஸ் அஃப்ரோடைட்டிக்குத் தீர்ப்பளிக்கிறான். பரிசாக அவனுக்குக் கிடைத்தவள் ஹெலன். அவளோ ஸ்பார்ட்டா அரசன் மெனலாஸின் மனைவி. மெனலாஸின் அண்ணன் அகமெம்னன் கிரேக்க நாட்டுத் தலைவர்களைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்து வருகிறான். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒரு புராண அகராதியைத் திறக்காதீர்கள். அதற்குள் போனால் திரும்பி வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

பெயர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு

இதைச் செய்யாமல் தொடங்க வேண்டாம். கிரேக்கர்களை ஹோமர் அக்கேயர், ஆர்கைவர், டனாவர் என்று மூன்று பெயர்களால் மாற்றி மாற்றி அழைப்பார். மூவரும் ஒரே கூட்டம்தான். டிராய்க்கு இலியோஸ் என்று இன்னொரு பெயர் உண்டு. இலியட் என்ற தலைப்பே அதிலிருந்து வந்தது. பாரிஸை அலெக்சாண்டர் என்றும் சொல்வார். அட்ரியஸின் மகன் என்றால் அகமெம்னன் அல்லது மெனலாஸ். பீலியஸின் மகன் என்றால் அக்கிலிஸ்.

சீட்டின் ஒரு பக்கம் அகமெம்னன், மெனலாஸ், அக்கிலிஸ், அவன் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ், ஒடிசியஸ், டயமீடிஸ், ஏஜாக்ஸ், கிழவர் நெஸ்டர். மறு பக்கம் பிரியாம் அரசன், அரசி ஹெக்குபா, மகன்கள் ஹெக்டரும் பாரிஸும், ஹெக்டரின் மனைவி ஆந்த்ரோமாக்கி, ஹெலன், இனியாஸ், துணைக்கு வந்த லிசிய நாட்டுச் சார்பீடன். அடியில் தெய்வங்கள்: ஹீரா, அதீனா, பொசைடன் கிரேக்கர் பக்கம், அப்போலோ, அஃப்ரோடைட்டி, ஏரிஸ் டிராய் பக்கம், ஜீயஸ் நடுவில். இந்தச் சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். மற்றப் பெயர்கள் வந்து போகும். நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்பு

சுருக்கப் பதிப்பு வேண்டாம். ஹோமரின் கதையைச் சுருக்கினால் மிஞ்சுவது சண்டை மட்டும்தான். கவிதை முழுக்கத் தாமதங்களில், உவமைகளில், பேச்சுகளில் இருக்கிறது. முழுமையான மொழிபெயர்ப்பாகப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவருக்குத் தேர்வு நிறைய. ரிச்மண்ட் லட்டிமோரின் இலியட் (1951) மூலத்தின் வரிக்கு வரி போகிறது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஆனால் மூலத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். ராபர்ட் ஃபேகல்ஸ் (இலியட் 1990, ஒடிசி 1996) உரத்துப் படிக்க ஏற்றவர். எமிலி வில்சனின் ஒடிசி (2017) தெளிவாகவும் வேகமாகவும் இருக்கும், மூலத்தின் வரி எண்ணிக்கையையே காப்பாற்றுகிறது. அவரது இலியட் 2023இல் வந்தது. சாமுவேல் பட்லரின் உரைநடை மொழிபெயர்ப்புகள் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் தெய்வங்களுக்கு ரோமானியப் பெயர்கள் தருகிறார், ஜீயஸ் ஜோவ் ஆகிவிடுவார், அதீனா மினர்வா ஆகிவிடுவார், ஒடிசியஸ் யுலிசிஸ். சீட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எது உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்க்க எளிய வழி, முதல் காண்டத்தின் தொடக்கப் பக்கத்தை இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாய்விட்டுப் படிப்பது. எதில் மூச்சு முட்டாமல் வருகிறதோ அதை எடுங்கள். யாரோ ஒருவர் இதுதான் சிறந்தது என்று சொன்னதற்காக எடுக்காதீர்கள்.

ஹோமரைப் பற்றி எழுதுபவர்கள் பக்க எண் தருவதில்லை. காண்டம், வரி என்று தருவார்கள்: 6.466 என்றால் ஆறாம் காண்டம், 466ஆம் வரி. இது மூலத்தின் எண். லட்டிமோரில் அப்படியே பொருந்தும். ஃபேகல்ஸில் பக்க ஓரத்தில் இருப்பது அவருடைய சொந்த எண். மூலத்தின் எண் பக்கத்தின் உச்சியில் இருக்கும். இது தெரியாமல் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

காதால் படிக்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இது இருக்கட்டும்.

முதல் காண்டத்திலேயே கண்ணில் படும்: அக்கிலிஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 'விரைந்த கால் அக்கிலிஸ்'. பொழுது விடிந்தால் அடிக்கடி 'ரோஜா விரல் வைகறை'. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பினால், தூதர் போய் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்வார். பலி கொடுப்பது, இறைச்சி சுடுவது, கவசம் பூணுவது எல்லாம் ஏறக்குறைய அதே வரிகளில் திரும்ப வரும். ஆசிரியருக்குச் சொல் பஞ்சமோ என்று தோன்றும்.

இதை விளக்கியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். அக்கிலிஸின் பெயரோடு வரும் அடைமொழி, வரியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதோ அதற்கேற்ப மாறுகிறது என்பதை 1928இல் பாரிஸ் நகரில் சமர்ப்பித்த ஆய்வில் காட்டினார். ஆறு சீர் கொண்ட வரியை, எழுதி வைக்காமல், நிறுத்தாமல், கூட்டத்தின் முன்னால் பாடிக்கொண்டே உருவாக்க வேண்டும் என்றால் இப்படிப்பட்ட ஆயத்தத் தொடர்கள் பாடுபவருக்கு வேண்டும். அதைச் சோதிக்க 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் வாய்மொழிக் காவியப் பாடகர்களைத் தேடி அலைந்து, அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவ்டோ மெஜெடோவிச் என்ற எழுதப் படிக்கத் தெரியாத பாடகர் 12,000 வரிகளைத் தாண்டிய ஒரே காவியத்தைச் சொல்லி முடித்தார். நீளத்தில் ஒடிசிக்கு இணை. பாரி 1935இலேயே, 33 வயதில், இறந்துபோனார். அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டுதான் வேலையை முடித்து 1960இல் நூலாக்கினார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு நேரடித் தொடர்பு உண்டு. க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, இந்த முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பாணர்கள், திரும்ப வரும் தொடர்கள், புகழுக்காக உயிரை விடும் வீரர்கள் என்று புறப்பாடல்களையும் ஹோமரையும் அருகருகே வைத்த அவருடைய ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியானது. சங்கப் பாடல்கள் வாய்மொழியாக உருவானவை என்ற முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். புறநானூறு பழக்கமானவர் இலியட்டை முடித்தபின் அந்த நூலைப் படித்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும்.

சரி, படிக்கும்போது இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்ப வரும் வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கே மாறுகிறது என்று கேளுங்கள். 16ஆம் காண்டத்தில் பாட்ரோக்ளஸ் அக்கிலிஸின் கவசத்தைப் பூண்டு போருக்குப் போகிறான். முழங்கால் காப்பு, மார்புக் கவசம், வாள், கேடயம், தலைக்கவசம் என்று வழக்கமான வரிசை, வழக்கமான வரிகள். கடைசியில் ஈட்டி. அக்கிலிஸின் பெரிய ஈட்டியை மட்டும் அவன் எடுக்கவில்லை. அக்கிலிஸைத் தவிர யாராலும் அதைச் சுழற்ற முடியாது என்கிறார் பாணர். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. அந்த வரிசைக்குப் பழகிய காது அங்கேயே புரிந்துகொள்ளும், இவன் திரும்ப மாட்டான் என்று.

ஒரு காண்டத்தை ஒரே அமர்வில் படிப்பது நல்லது. இலியட்டில் மிகச் சிறிய காண்டம் 424 வரி (19ஆம் காண்டம்), மிகப் பெரியது 909 வரி (5ஆம் காண்டம்). உரத்துப் படிக்க நேரம் எடுக்கும்தான். முழுக்க முடியாவிட்டால் பேச்சுகளை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் கூட ஒருவர் இருந்தால் ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்துக்கொள்ளலாம். ஒலிப்புத்தகமும் நல்ல வழி.

இலியட்: முதல் சுற்று

எல்லாரும் ஒன்று முதல் 24 வரை நேராகப் போக வேண்டியதில்லை. முதல் சுற்றில் 1, 3, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய எட்டுக் காண்டங்களைப் படியுங்கள். இடையில் நடப்பதை ஒரு பத்திச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் முழுதும் படிக்கும்போது அந்தக் கப்பல் பட்டியல்கூட வேறு மாதிரி தெரியும். அங்கே பெயர் வரும் சிலர் எப்படிச் சாகப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1ஆம் காண்டத்தில் சண்டை யாருக்காக என்று கவனியுங்கள். பிரிசெயிஸ் என்ற பெண் அக்கிலிஸுக்குப் போரில் கிடைத்த அடிமை. அகமெம்னன் அவளைப் பறித்துக்கொள்ள, அக்கிலிஸ் போரிலிருந்து விலகிக்கொள்கிறான். இருவரும் மானம் மானம் என்று கத்துகிறார்கள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவியம் முழுவதிலும் அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, 19ஆம் காண்டத்தில், பாட்ரோக்ளஸின் உடலுக்கு முன்னால் அழும்போது. தன் கணவனும் மூன்று சகோதரர்களும் கொல்லப்பட்டதை அங்கேதான் சொல்கிறாள். முதல் சுற்றில் 19ஐ விட்டாலும் அந்த இடத்தை (19.282 முதல்) தேடிப் படித்துவிடுங்கள்.

6ஆம் காண்டம் பலருக்கு இலியட்டின் மேல் அன்பு வரும் இடம். போர்க்களத்திலிருந்து ஊருக்குள் வரும் ஹெக்டர் மதில் வாயிலில் மனைவியைப் பார்க்கிறான். அவள் கையில் குழந்தை. ஆந்த்ரோமாக்கியின் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அக்கிலிஸ்தான். நீதான் எனக்குத் தந்தை, தாய், சகோதரன், கணவன், போகாதே என்கிறாள். ஹெக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் கொண்டை ஆடுவதைப் பார்த்து அது வீறிட்டு அழுது செவிலியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. பெற்றவர்கள் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைக் கொஞ்சுகிறான். அது பளபளத்துக்கொண்டு கீழே கிடக்கிறது. இந்தக் காட்சி எதிரி வீட்டில் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாடுபவர் கிரேக்கர், கேட்டவர்களும் கிரேக்கர்.

இதனால்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவியைக் கவர்ந்து போனவன், கடல் கடந்து வரும் படை என்றதும் நம் மனம் இராமாயணத்துக்குத் தாவும். தாவட்டும், ஆனால் ஹெக்டரை இராவணன் பக்கத்திலோ அக்கிலிஸை இராமன் இடத்திலோ வைக்காதீர்கள். அறத்தின் பக்கம், மறத்தின் பக்கம் என்று இலியட் படைகளைப் பிரிப்பதில்லை.

9ஆம் காண்டம் முழுக்கப் பேச்சு. தோற்றுக்கொண்டிருக்கும் அகமெம்னன் சமாதானத்துக்கு ஏராளமான பரிசுகளை அறிவிக்கிறான். அதை அக்கிலிஸிடம் கொண்டுபோய்ச் சொல்வது ஒடிசியஸ். பட்டியலை அப்படியே ஒப்பிக்கிறான். ஆனால் அகமெம்னன் கடைசியில் சொன்ன, 'அவன் எனக்கு அடங்கட்டும், நான்தான் பெரிய அரசன்' என்ற வரிகளை மட்டும் விட்டுவிடுகிறான். அக்கிலிஸுக்கு அது தெரிய வழியில்லை. இருந்தும் அவன் பதில் இப்படித்தான் தொடங்குகிறது: மனதில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்பவனை நான் பாதாளத்தின் வாயில்களைப்போல வெறுக்கிறேன். இரண்டு பேச்சையும் உரத்துப் படித்தவருக்கு இந்த இடம் தானாகவே பிடிபடும்.

போர்க் காட்சிகள் வரும்போது வேகமாகப் புரட்டத் தோன்றும். ஒன்றைச் செய்யுங்கள்: சாகிறவனைப் பற்றிச் சொல்லப்படும் இரண்டு மூன்று வரிகளில் நில்லுங்கள். ஆறாம் காண்டத்தின் தொடக்கத்தில் ஆக்சிலஸ் என்று ஒருவன் வருகிறான். அரிஸ்பே ஊர்க்காரன், வசதியானவன், வீடு சாலையோரத்தில். போகிற வருகிறவர்களை எல்லாம் அழைத்து உபசரித்தவன். அவர்களில் ஒருவரும் இன்று அவன் முன்னால் வந்து நின்று சாவைத் தடுக்கவில்லை என்கிறார் பாணர். ஐந்தாறு வரிகள்தான். இப்படி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பெயரோடு சாகிறார்கள்.

உவமைகளிலும் அவசரப்படாதீர்கள். மெனலாஸை நோக்கி வரும் அம்பை அதீனா விலக்கிவிடுவது, தூங்கும் குழந்தையின் மேல் உட்கார வரும் ஈயைத் தாய் விரட்டுவதுபோல (4.130). அழுதுகொண்டு வரும் பாட்ரோக்ளஸைப் பார்த்து அக்கிலிஸ், தூக்கச் சொல்லி அம்மாவின் உடையைப் பிடித்திழுக்கும் சிறுமிபோல் அழுகிறாயே என்கிறான் (16.7). போருக்கு வெளியே இருக்கும் உலகம் முழுவதும் இந்த உவமைகள் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

தெய்வங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் சண்டை போடுவார்கள், ஏமாற்றுவார்கள், சிரிப்பார்கள். பக்தியோடு அணுகினால் குழப்பம்தான் மிஞ்சும். அவர்களுக்குச் சாவு இல்லை, அதனால் எதையும் நிரந்தரமாக இழக்கப்போவதில்லை. மனிதர்களுக்கோ ஒவ்வொன்றும் கடைசி வாய்ப்பு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் தெய்வக் காட்சிகள் அர்த்தமாகும்.

பாட்ரோக்ளஸைக் கொன்ற ஹெக்டரை 22ஆம் காண்டத்தில் அக்கிலிஸ் கொல்கிறான். செய்தி தெரியாத ஆந்த்ரோமாக்கி வீட்டில் நெய்துகொண்டிருக்கிறாள். போரிலிருந்து வரும் கணவன் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்கிறாள். 24ஆம் காண்டத்தில் கிழவர் பிரியாம் இரவோடு இரவாக எதிரி முகாமுக்குப் போய், மகனைக் கொன்ற அக்கிலிஸின் கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். உன் தந்தையை நினைத்துப் பார் என்கிறார். இருவரும் அழுகிறார்கள், அவர் ஹெக்டருக்காக, இவன் தன் தந்தைக்காகவும் பாட்ரோக்ளஸுக்காகவும். பிறகு சாப்பிடுகிறார்கள். ஈமச் சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலிஸ் கேட்கிறான். ஒன்பது நாள் அழ, பத்தாம் நாள் அடக்கம், பதினொன்றாம் நாள் மேடு எழுப்ப, பன்னிரண்டாம் நாள் போரிடலாம், வேறு வழியில்லை என்றால், என்கிறார் பிரியாம். இதற்கு முன்னால் வந்த எல்லாப் பரிசுப் பேரங்களையும் நினைத்துக்கொண்டு இந்த உரையாடலைப் படியுங்கள்.

ஒடிசி

இலியட்டுக்குப் பின் ஒடிசி எளிது. டிராய் போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதை இது. இதை நேராக ஒன்றிலிருந்து 24 வரை படிக்கலாம். ஆனால் கதாநாயகன் ஐந்தாம் காண்டத்தில்தான் நேரில் வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். முதல் நான்கு காண்டங்களில் அவன் மகன் டெலிமாக்கஸ் தந்தையைப் பற்றி விசாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். வீட்டில் தாய் பெனலோப்பியை மணக்க 108 பேர் உட்கார்ந்து சொத்தைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஒற்றைக்கண் அரக்கன், சூனியக்காரி சிர்சி, பாட்டால் மயக்கும் சைரன்கள், பாதாள உலகம் என்று எல்லாருக்கும் தெரிந்த சாகசங்கள் 9 முதல் 12 வரையிலான நான்கு காண்டங்களில் அடங்கிவிடும். அதையும் ஒடிசியஸே ஒரு விருந்தில் சொல்கிறான். எவ்வளவு உண்மை என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். பொய் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். 13ஆம் காண்டத்தின் தொடக்கத்திலேயே தன் ஊரான இதாக்காவில் இறங்கிவிடுகிறான். மீதி எல்லாம் வீட்டுக் கதை.

ஒடிசிக்கு ஒரு சாவி உண்டு, விருந்தோம்பல். வந்தவனுக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் பெயர் கேட்க வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் இந்த விதியை வைத்து அளந்து பாருங்கள். நெஸ்டரும் மெனலாஸும் சரியாகச் செய்கிறார்கள். ஒற்றைக்கண் அரக்கன் முதலில் பெயர் கேட்கிறான், பிறகு விருந்தினர்களையே தின்கிறான். தீவில் வாழும் தேவதை கலிப்ஸோ உபசரிக்கிறாள், ஆனால் போக விடுவதில்லை. இதாக்காவில் மாளிகையில் இருப்பவர்கள் பிச்சைக்கார வேடத்தில் வந்தவன்மேல் முக்காலியை எறிகிறார்கள். பன்றி மேய்க்கும் அடிமை யூமியஸ் தன் போர்வையைக் கொடுக்கிறான்.

நின்று படிக்க வேண்டிய இடங்கள்: இருபது ஆண்டு காத்திருந்த நாய் ஆர்கோஸ் (17.291), செவிலி யூரிக்ளியா கால் கழுவும்போது தழும்பைக் கண்டுபிடிப்பது (19ஆம் காண்டம்), கட்டிலை வைத்துப் பெனலோப்பி கணவனைச் சோதிப்பது (23ஆம் காண்டம்). 22ஆம் காண்டத்தின் முடிவில் பன்னிரண்டு அடிமைப் பெண்களைத் தூக்கிலிடுவதையும் தாண்டிப் போகாதீர்கள். நல்ல முடிவு என்று நாம் நிம்மதியாக மூடிவிடக் கூடாத கதை இது, அந்த இடம் அதற்குச் சாட்சி.

ஹோமருக்குப் பின்

ஹோமரின் செல்வாக்கைப் பற்றிப் படிப்பது மூலத்தைப் படித்த பிறகுதான் சுவைக்கும். கிரேக்கர்களுக்கு அவர் பள்ளிப்பாடம். ஏதென்ஸின் பெருவிழாவில் அவர் பாடல்களை முறைவைத்துப் பாடினார்கள். கிரேக்க நாட்டுக்கே கல்வி புகட்டியவர் என்று மக்கள் ஹோமரைச் சொல்வதைக் குறிப்பிடும் பிளேட்டோ, அதே நூலில் தன் இலட்சிய நாட்டிலிருந்து அவரை வெளியேற்றவும் துணிகிறார். அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த இலியட் பிரதியை மாசிடோனியப் பேரரசன் அலெக்சாண்டர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். முதல் அச்சுப் பதிப்பு 1488இல் ஃபுளோரன்ஸில் வந்தது.

டிராய் நகரம் நிஜமா என்று கட்டாயம் கேட்பீர்கள். துருக்கியின் வடமேற்கில் ஹிசார்லிக் என்ற மேட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது முக்கிய அடுக்குகளில் ஊர்கள் இருக்கின்றன. ஹைன்ரிக் ஷ்லீமன் 1870களில் அங்கே தோண்டினார். 1873இல் கிடைத்த பொன் நகைகளைப் பிரியாமின் புதையல் என்று அறிவித்தார். அவை ஹோமர் பாடும் போருக்குச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்பது பிறகு தெளிவானது. மேடு 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு பெரிய நகரம் இருந்தது, அழிந்தது. ஹெலனுக்காக நடந்த போர் என்பதற்கு மண்ணில் சான்று இல்லை.

நம் காலத்துக்கு வந்தால், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் 'யுலிசிஸ்' நாவலில் 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் டப்ளின் தெருக்களில் ஒடிசியை நடத்திக்காட்டினார். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவின் மீனவர்களுக்கு அக்கிலிஸ், ஹெக்டர் என்று பெயர் வைத்து 1990இல் காவியம் பாடினார் டெரக் வால்காட். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். தலைமையின் துரோகம், தோழனின் சாவு, அதன்பின் வரும் வெறி என்று அவர்கள் சொன்ன கதைகள் அக்கிலிஸின் கதையை ஒத்திருந்ததைக் கண்டு 1994இல் ஒரு நூல் எழுதினார். இலியட்டின் 16, 18ஆம் காண்டங்களைப் படித்த கையோடு அதைப் படிக்கலாம்.

ஆனால் அடுத்த நூல் எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால், ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் என்பேன். பன்னிரண்டு காண்டங்களில் முதல் ஆறு ஒடிசியின் வழியில் அலைச்சல், அடுத்த ஆறு இலியட்டின் வழியில் போர். முழுதும் வேண்டாம், இரண்டாம் காண்டத்தை மட்டும் முதலில் எடுங்கள். நீங்கள் இலியட்டில் தேடிய மரக்குதிரை அங்கேதான் விரிவாக வருகிறது; நகரம் எரிகிறது. தோற்றோடிய டிராய்க்காரன் இனியாஸின் வாயிலிருந்து கதையைக் கேட்கிறோம். அக்கிலிஸின் மகன், பிரியாமின் கண்ணெதிரே அவர் மகன் ஒருவனைக் கொல்கிறான். கிழவர் அவனைப் பார்த்து, அக்கிலிஸ் என்னிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை, ஹெக்டரின் உடலை எனக்குத் திருப்பித் தந்து ஊருக்கு அனுப்பிவைத்தான் என்கிறார். அடுத்த சில வரிகளில் பலிபீடத்தருகே அவரும் கொல்லப்படுகிறார். இந்தப் பேச்சின் முழுக் கனமும் தெரிய வேண்டுமானால், இலியட்டின் 24ஆம் காண்டத்தை முடித்த அதே வாரத்தில் இதைப் படித்துவிடுங்கள்.